பொங்கலூர்க் கோழிப்பண்ணையில் மூன்று பியர்

இரண்டரை நாளில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வியாழன் காலை 5.20-க்குத் திருப்பூரில் இறங்கினேன்.
2. அன்று பிற்பகல் இங்கிலாந்திலிருந்து ஒரு மனிதர் ஆறு பாட்டில் பியரோடு வந்து சேர்ந்தார்.
3. மறுநாள் காலைக்குள் அவற்றில் மூன்று பாட்டில் பியரில் துணி ஊறப் போட்டிருந்தார்கள்.
4. மிச்சம் மூன்றை ஒரு கோழிப்பண்ணையின் தீவன அறையில் உட்கார்ந்து சுவைத்தோம்.
5. இரண்டு மாதமாக யாருக்கும் பிடிபடாத ஒரு தவறு பிடிபட்டது. செய்தவள் நான்.

இனி விவரம்.

வியாழன், காலை 5.20

சென்னையிலிருந்து இரவு ரயில், படுக்கை வகுப்பு, 204 ரூபாய். திருப்பூரில் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அழைத்துப்போக யாரும் வருவதில்லை. தோளில் ஒரு பை, கையில் முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். ஸ்டேஷன் வாசலில் டீ மூன்று ரூபாய். எனக்கு முன்னால் நின்ற இருவர் இந்தியில் ஏதோ கேட்டார்கள். கடைக்காரர் இந்தியிலேயே பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, சர்க்கரை போதுமாங்க என்றார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துணித் தொழில்நுட்பம் படித்தவள். சென்னையில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர் கேட்பதைப் படிவத்தில் நிரப்பித் திருப்பூருக்கு அனுப்புவோம். திருப்பூர் செய்வதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம்.

மூன்று நாளைக்கு அமர்த்தியிருந்த கார் வந்தது. நாளுக்கு 750 ரூபாய், டீசல் தனி. ஓட்டுநர் சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடும் சாயத் தண்ணீரை ஒரு பார்வை பார்த்து, “இன்னைக்கு நேவி ப்ளூ ஓடுது மேடம்” என்றார், மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில்.

காலை 10.00, அருள்புரம்

ஸ்டேஷனிலிருந்து பல்லடம் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். கலாமணியின் பனியன் கம்பெனி இங்கேதான். இருபத்து நான்கு தையல் இயந்திரம், மாடியில் கட்டிங், பின்கட்டில் ஒரு சிறிய சாய ஆய்வகம், அதற்கும் பின்னால் ஒரு வேப்பமரம். கலாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. பொங்கலூரில் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ள குடும்பம். கம்பெனி மட்டும் முழுக்க இவருடையது. பதினோரு வருடமாகப் பெரிய கம்பெனிகளுக்குக் கூலித் தையல் செய்கிறார். அவர் தைத்த சட்டைகள் ஐரோப்பா முழுவதும் போயிருக்கின்றன, ஒன்றுகூட அவர் பெயரில் போனதில்லை.

இந்த ஆர்டர் அவர் பெயரில் வந்த முதல் ஆர்டர். மொத்தம் 1,800 டி-ஷர்ட். கொடுப்பவர் கோலின். வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊரில், ஆறு பேர் வேலை செய்யும் சிறிய மதுவடிசாலை அவருடையது. மூன்று விதமான பியர் காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய இடத்திலேயே ஒரு கூடம் வைத்து விற்கிறார்கள். ஒவ்வொரு பியருக்கும் அதே நிறத்தில் ஒரு டி-ஷர்ட் வேண்டும், நிறத்துக்கு அறுநூறு. 1,800 என்றால் பெரிய கம்பெனியில் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். கலாமணி எடுத்தார்.

ஆனால் நிறம் அமையவில்லை. கோலின் வண்ண அட்டையில் மூன்று எண்களைத் தேர்ந்து அனுப்பியிருந்தார். சாய ஆய்வகத்தில் அதற்கு ஏற்ப உள்ளங்கை அளவுத் துணியில் சாயம் ஏற்றி மாதிரி அனுப்புவார்கள்; லேப் டிப் என்று பெயர். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார். செத்த நிறமாக இருக்கிறது என்று எழுதினார். துருக்கியில் ஒரு கம்பெனி காத்திருப்பதையும் மறைக்காமல் எழுதினார். சனிக்கிழமைக்குள் நிறம் அமையவில்லை என்றால் ஆர்டர் அங்கே போகும்.

“நல்ல மனுசனுங்க. நல்லவங்கதான் சொல்லிப்போட்டுப் போவாங்க” என்றார் கலாமணி. “சொல்லாமப் போறவங்களக்கூட இழுத்துப் புடிக்கலாம்.”

பிற்பகல் 2.30

கோவை விமான நிலையத்திலிருந்து 45 கிலோமீட்டர் வந்து கோலின் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் மூக்கு ஏற்கெனவே சிவந்திருந்தது. பெட்டியைத் திறந்து, கம்பளிக் காலுறைகளுக்குள்ளிருந்து ஆறு பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் 330 மில்லி, ஒவ்வொரு பியரிலும் இரண்டு. வண்ண அட்டையை விட்டுவிடுங்கள், இதைப் பார்த்துப் பொருத்துங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் விடுதிக்குத் தூங்கப் போனார். பியரை எப்படிப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கலாமணியின் டையிங் மாஸ்டர் அருளானந்தம் பாட்டில்களை வாங்கிக்கொண்டார். பல்லடத்தை அடுத்த ஒரு கிராமத்துக்காரர், சபையில் மூப்பர், வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் நிறம் பொருத்திவிடுவார் என்று பெயர். உதட்டுச் சாயம், கொத்துமல்லித் தழை, ஒருமுறை ஒரு காரின் கதவு.

வெள்ளி, காலை 8.45

கலாமணியும் கோலினும் நானும் ஆய்வகக் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. மேசை மேல் மூன்று காலி பாட்டில்கள். பக்கத்தில் மூன்று துணித் துண்டுகள், இஸ்திரி போட்டு, சீட்டு ஒட்டி, ஒழுங்காக.

சாயக்காரருக்குத் தெரிந்த ஒரே வழியில் மாஸ்டர் போயிருந்தார். நிறமுள்ள நீர் கையில் வந்திருக்கிறது, அதன் நிறம் துணியில் என்னவென்று தெரிய வேண்டும். எனவே வெளுத்த துணியைப் பியரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, காயவைத்துவிட்டார். மூன்றுமே ஏறக்குறைய ஒரே நிறம், ஊறிய கொண்டைக்கடலையின் நிறம்.

“வெள்ளத் துணில ஏறுனதுதானுங்களே மேடம் அதோட கலரு?” என்றார்.

கோலின் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. முந்தின நாள் மாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டாராம். வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு மோர் மட்டும் கொண்டுவந்து வைத்தாராம்.

சிரித்து முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே எண்ணம் வந்தது. மிச்சம் மூன்று பாட்டில், மிச்சம் ஒரு நாள். பியரைக் கண்ணாடியில் ஊற்றித்தான் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று புரியக் குடிக்கவும் வேண்டும் என்றார் கோலின். எங்கே என்பதில் சிக்கல் வந்தது. ஆய்வகத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று பலகை இருக்கிறது, எழுதி மாட்டியவர் மாஸ்டர். விடுதி அறை என்று கோலின் ஆரம்பித்ததை நான் மொழிபெயர்க்கவே இல்லை. பொங்கலூரில் உங்கள் வீடு இருக்கிறதே என்று கலாமணியைக் கேட்டேன்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. ஊட்டுக்குள்ள ஆவாதுங்க” என்றார். கொஞ்சம் யோசித்து, “பண்ணைக்கு வெள்ளி, செவ்வாய் கெடையாது. அங்க போலாம்” என்றார். கணவர் வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தது வசதியாயிற்று.

காலை 11.30, பொங்கலூர்

அருள்புரத்திலிருந்து பல்லடம் வந்து, கிழக்கே திரும்பினால் பத்து கிலோமீட்டர். தென்னந்தோப்பு, சோளத்தட்டுப் போர், தூரத்தில் காற்றாலைகள், அப்புறம் நீளநீளமான கோழிக் கொட்டகைகள். கலாமணியின் கொட்டகையில் குஞ்சு இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பண்ணை வாடை இன்னும் சேரவில்லை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோலின் செருப்போடு இரண்டு காலையும் நனைத்து நின்று, காய்ச்சும் கூடத்தில் தாங்களும் இப்படித்தான் செய்வோம் என்றார்.

கொட்டகையை ஒட்டித் தீவன அறை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மணத்தன. தீவன மூட்டைகள் இருக்கையாயின. கலாமணி வீட்டிலிருந்து எவர்சில்வர் தம்ளர் கொண்டுவந்தார். கோலின் ஒன்றை வாங்கிக் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார். அதில் நிறம் தெரியாது. சுடலைமுத்து கடைவீதிக்குப் போய் டீக்கடைக் கண்ணாடி தம்ளர் நான்கு வாங்கிவந்தார், 32 ரூபாய். அதுவரை பாட்டில்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் கிடந்தன. ஐஸ் வேண்டாம், மிகவும் குளிர்ந்தால் வாசனை எழும்பாது என்று கோலின் சொல்லிவிட்டார்.

வாசகருக்கு ஒரு குறிப்பு. இந்தப் பியர்களின் கசப்பும் மணமும் ஹாப் என்ற ஒரு கொடியின் பூவிலிருந்து வருகின்றன. கோலின் அந்தப் பூவை மற்றவர்களைவிடத் தாராளமாகப் போடுகிறவர், அதில் ஒரு பங்கை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறார். நான் அதுவரை பியர் குடித்தது கல்லூரிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை, பிடிக்கவில்லை. இதை அம்மா படிப்பார். அவருக்கு முன்பே தெரியும்.

பகல் 12.10

முதல் பியர். தம்ளரைச் சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை எழுப்பினார் கோலின். வெளிர் மஞ்சள். முகர்ந்தால் நார்த்தங்காய்த் தோல், அதன் பின்னால் வெட்டிய புல். வாயில் வைத்ததும் மெல்லிய இனிப்பு. விழுங்கிய பிறகே கசப்பு வந்து நாக்கின் பின்பகுதியில் உட்கார்ந்தது. கலாமணி ஒரு வாய் குடித்து, கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

“மூக்குக்கு நார்த்தங்கா. வாய்க்கு வேப்பங்குச்சி” என்றார். “இதுக்குக் காசு குடுக்கறாங்களா அங்க?”

மொழிபெயர்த்தேன். முதல் வாயை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது வாய்தான் உண்மையைச் சொல்லும் என்றார் கோலின். கலாமணி மூன்றாவது வாய்வரை போனார். பிறகு தம்ளரைக் காலி செய்தார்.

இரண்டாவது, அரக்குத் தேன் நிறம். வாசனை பழுத்த கொய்யா, கொஞ்சம் வறுத்த கம்பு. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கசப்பு இருந்தது, ஆனால் தனியாகத் துருத்தவில்லை. வத்தக்குழம்பில் சுண்டைக்காய் இருப்பதுபோல் இருந்தது, எடுத்துவிட்டால் குழம்பே இல்லை. இதைச் சொன்னதும் கலாமணி தலையாட்டினார். கோலினுக்குச் சுண்டைக்காய் என்றால் என்னவென்று விளக்க ஐந்து நிமிடம் ஆயிற்று, அவர் அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது, செம்புப் பாத்திரத்தின் நிறம். குங்கிலியப் புகை, மரக்கடை. வாயில் கருகிய வெல்லப்பாகு, உடனே நிலவேம்புக் கஷாயம்.

“இது உங்குளுக்கே இருக்கட்டும் கண்ணு” என்று தம்ளரை என் பக்கம் தள்ளினார் கலாமணி. “எனக்குக் காச்ச வந்தாச் சொல்லியனுப்பறேன்.”

வாசலில் நின்ற சுடலைமுத்து, வண்டி ஓட்ட வேண்டியவர் என்பதால், காலி பாட்டிலை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். அரசுக் கடை பியரை நின்றபடி மடமடவென்று குடித்துவிட்டுப் போய்விடலாம், இதை உட்கார்ந்து யோசித்துத்தான் குடிக்க முடியும் போலிருக்கிறது என்பது அவர் கருத்து. மொழிபெயர்த்தபோது கோலின் எழுந்து அவருக்குக் கைகொடுத்தார்.

ஒவ்வொரு பாட்டிலிலும் நூறு மில்லி மிச்சம் வைத்து மூடினேன். எந்தப் பரிசோதனையிலும் மாதிரியை முழுக்கத் தீர்ப்பதில்லை.

பகல் 12.50

அடுத்த கொட்டகையிலிருந்து குஞ்சுகளின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டு, இரண்டாவது பியர் கொஞ்சம் மிஞ்சிய தம்ளரோடு கோலின் போனார். குளிர் படாமலிருக்கக் கொட்டகையின் பக்கங்களைச் சாக்குப் படுதாவால் மூடியிருந்தார்கள். உள்ளே பகலிலும் இருட்டு. முழங்கால் உயரத்தில் வரிசையாக மஞ்சள் பல்புகள், ஒவ்வொன்றின் கீழும் வட்டமாகக் குஞ்சுகள். சூட்டுக்காக எரிகிற பல்புகள் அவை. கோலின் குந்தி உட்கார்ந்தார். தம்ளரைக் கீழே வைக்கப்போனவர், பாதியில் நிறுத்தி, பல்புக்கு நேராக உயர்த்தினார். அப்படியே இருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

தீவன அறையில் மங்கலாகத் தெரிந்த அதே பியர், இங்கே உள்ளே விளக்கு வைத்ததுபோல் இருந்தது. இதுதான் என் நிறம், இத்தனை நாளும் இதைத்தான் கேட்டேன் என்றார். அவருடைய கூடம் தாழ்ந்த கூரையும் சிறிய சன்னலும் உள்ள பழைய கட்டடம், நண்பகலிலும் மஞ்சள் பல்புதான் எரியும். வண்ண அட்டையை அங்கே உட்கார்ந்துதான் தேர்ந்தார். லேப் டிப்பையும் அங்கேதான் பிரித்துப் பார்த்தார்.

எனக்கு என் படிவம் ஞாபகம் வந்தது. ஒன்பதாவது வரி: எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வாங்குகிறவர்கள் எல்லாரும் அங்குள்ள பெரிய கடைகளின் குழல் விளக்கைக் கேட்பார்கள். கோலினிடம் கேட்காமலே நான் அதையே எழுதினேன். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும் என்பது கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பாடம். மாஸ்டர் நான் எழுதியபடி குழல் விளக்கில் சரியாகவே பொருத்தியிருந்தார். மஞ்சள் பல்பின் கீழ் அது செத்துப்போயிருக்கிறது.

முதலில் கலாமணியிடம் தமிழில் சொன்னேன்.

“அக்கா, ரெண்டு ரிஜெக்ட்டும் மாஸ்டர் தப்பு இல்லை. வெளிச்சம் எதுன்னு படிவத்துல ஒரு வரி இருக்கு. இவர்கிட்ட கேட்காம நானே நிரப்பிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, குஞ்சுகளைப் பார்த்தார். “ரெண்டு மாசமா எங்க மாஸ்டர நான் பேசுன பேச்சு இருக்குதே கண்ணு,” என்றார். “அத எப்பிடித் திருப்பி வாங்கறது?”

கோலினிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நானும் சொல்லவில்லையே என்றார் அவர். மரியாதைக்குச் சொன்னது, கேட்க வேண்டியது என் வேலை.

கலாமணி அதற்குள் தீவன அறைக்குப் போய் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு புது அறுபது வாட் பல்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார். “செரி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. இன்னும் ஒரு நா இருக்குது.”

பிற்பகல் 2.45, அருள்புரம்

நிறம் பார்க்கும் பெட்டியில் நான்கு சுவிட்சுகள் உண்டு. நான்காவது, மஞ்சள் பல்பு. போட்டோம், எரியவில்லை. யாரும் தொடுவதில்லை என்பதால் எப்போது போனது என்றே தெரியவில்லை. கலாமணி முந்தானையைப் பிரித்தார்.

மாஸ்டர் பல்பை மாட்டும்போது நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்காமலே, “எங்கிட்டச் சொன்னது போதுங்க மேடம். ஓனரம்மாகிட்ட இன்னொருக்காச் சொல்லிருங்க, நாஞ் சொன்னா நம்பமாட்டாங்க” என்றார். ஓனரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏனுங்க மாஸ்டர், நாந்தான் நிக்கறனே.”

“தெரியுமுங்க. அதான் சத்தமாச் சொல்றேன்.”

மிச்சம் வைத்த நூறு மில்லிகளைக் கண்ணாடி தம்ளரில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். நுரை இல்லை, நிறம் அப்படியே இருந்தது. மாஸ்டர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பல்புக்குச் சரியாக்கினால் வெயிலில் நிறம் வேறாகத் தெரியும் என்று எச்சரித்தார். எங்கள் ஊரில் வெயிலா என்றார் கோலின். அன்றிரவு மாஸ்டர் வீட்டுக்குப் போகவில்லை.

சனி, காலை 9.30

ஒன்பது துண்டுகள், நிறத்துக்கு மூன்று. கோலின் செம்பு நிறத்துக்கு இரண்டாவது துண்டை ஒரு நிமிடத்தில் எடுத்தார். தேன் நிறத்துக்கு முதல் துண்டு. பின்பக்கம் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். வெளிர் மஞ்சள்தான் அமையவில்லை. மஞ்சள் பல்பின் கீழ் எல்லா வெளிர் மஞ்சளும் வெள்ளை ஆகிவிடுகிறது. வெளியே போனார், திரும்பி வந்தார், மூன்று முறை பார்த்தார், இல்லை என்றார்.

கலாமணி கெஞ்சவில்லை. எத்தனை நாள் தருவீர்கள் என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு நாள் என்றார் கோலின். அதன் பிறகு அந்த அறுநூறு மட்டும் துருக்கிக்குப் போகும். மாஸ்டரிடம் கலாமணி என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் பையை எடுக்கப் போனபோது இருவரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். மாஸ்டர் கையில் டீ இருந்தது. அதைக் கலாமணிதான் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் டீக்காரர் வரும் நேரம் அது இல்லை.

பிற்பகல், பகல் ரயில்

திரும்பும்போது சன்னல் இருக்கை. சென்னையில் என் மேசைக்கு நிறங்கள் எண்ணாகத்தான் வரும். நான்கு வருடமாக எண்ணைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறேன். ஒரு நிறத்தை அது இருக்கும் இடத்தில் போய்ப் பார்த்ததில்லை, வாயில் வைத்ததும் இல்லை. ஈரோடு தாண்டும்வரை நாக்கின் பின்பகுதியில் அந்தக் கசப்பு இருப்பதுபோலவே இருந்தது. வாங்கிய காப்பியில் சர்க்கரை அதிகம் என்று தோன்றியது.

இதை எழுதும் நாளின் நிலவரம்: செம்பு, தேன் இரண்டும் ஒப்புதலாகி, 1,200 சட்டைக்கான துணி பின்னலில் இருக்கிறது. எங்கள் படிவத்தின் ஒன்பதாவது வரியை இனி வாங்குபவரே தம் கையால் நிரப்ப வேண்டும் என்று மாற்றியிருக்கிறோம். வெளிர் மஞ்சளுக்கான புதிய லேப் டிப் ஒன்பதாவது நாள் கூரியரில் போனது. கோலினிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.